ஐந்து பேர், ஒரு கேள்வி

திருவேங்கடத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. மெஹருன்னிசாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் போனபின் பம்ப் கம்பெனியின் சேர்மன் பொறுப்பு தலையில் விழுந்தபோது, கம்பெனிச் சட்டத்தை அவருக்குப் புகட்டியவள் கம்பெனி செக்ரட்டரியான அவள்தான். குறைந்தது எத்தனை டைரக்டர்கள் வந்தால் கோரம் சேர்ந்து கூட்டம் செல்லும், சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் டிபன் பாக்ஸ்களை மேஜைமேல் நகர்த்தி வைத்துக் காட்டுவாள்.

பழைய ஃபவுண்டரியை என்ன செய்வது என்று ஒரு வருஷமாக அவருக்குத் தூக்கமில்லை. இரும்பை உருக்கி வார்க்கும் அந்தப் பட்டறையில்தான் கம்பெனியே பிறந்தது. இப்போது நஷ்டம். மூடினால் அங்கே இருக்கிற ஜனம் எங்கே போகும்? கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் அதை ஏஐயிடம் கொடுத்துவிட்டார். அது தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டது. மூடிவிடலாம், ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம், வார்ப்பை வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

அன்று காலை முகம் தெளிந்து வந்தார்.

“ஏனுங்க டீச்சர், இனி நமக்கென்ன? மெஷினே சொல்லிருச்சு. நாளைக்கு ஒருத்தரும் நியாயம் கேட்டு நம்ம வாசல்ல வந்து நிக்க முடியாது பாருங்க.”

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

டைரக்டர்கள் ஐந்து பேரும் ஆஜர். போண்டாவும் வந்தாயிற்று. யாருக்காவது கேள்வி உண்டா என்று திருவேங்கடம் கேட்டார். அவருடைய அண்ணி கோதைநாயகி செல்போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார். “வெளியே வாங்கும் வார்ப்பின் தரத்தை எவ்வாறு உறுதி செய்யப் போகிறோம்?”

நல்ல கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பேங்கில் ரிட்டயர்டாகி டைரக்டராக வந்திருந்த பத்மநாபன் அடுத்துத் தொண்டையைச் செருமினார். அவரும் செல்போனைப் பார்த்தார். வெளியே வாங்கும் வார்ப்பின் தரத்தை எவ்வாறு உறுதி செய்யப் போகிறோம் என்றார். மூன்றாமவர் வாயைத் திறந்து, செல்போனைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

கூட்டக் காகிதங்களை ஒருவரும் படித்திருக்கவில்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து அதே ஏஐயிடம் அவற்றைக் கொடுத்து, நான் என்ன கேட்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அது யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை.

“என்னுதப் பாத்துக் காப்பியடிச்சீங்களா?” என்றார் கோதைநாயகி.

“இல்லைங்கம்மா. ரெண்டு பேருக்கும் வாத்தியார் ஒண்ணு.”

சிரிப்பு அடங்கட்டும் என்று மெஹருன்னிசா காத்திருந்தாள்.

“சார், கோரம் இல்லை.”

“அஞ்சு பேரும் உக்காந்திருக்கோமுங்களே.”

“நான் எண்ணினதுல ஒருத்தர்தான் வந்திருக்கார். அவரும் டைரக்டர் இல்லை.”

இப்படி எண்ணச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று திருவேங்கடம் மெல்லக் கேட்டார். இல்லை, ஆனால் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சேர்மனுக்கு இடமிருக்கிறது என்றாள். கோரம் சேராத கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் கூட வேண்டும். டிபன் பாக்ஸ் பாடம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்படியே தள்ளிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஃபவுண்டரிக்குப் போனார். உலையருகே போய் எத்தனையோ காலமாயிற்று. யாரோ ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். அச்சு மணலைத் தட்டிக்கொண்டிருந்த சின்னராசு நிமிராமலே கேட்டார்.

“மூடறதாப் பேசிக்கறாங்க. நெசமுங்களா?”

மெஷின் சொல்கிறது என்று சொல்லத் திருவேங்கடம் வாயெடுத்தார். அந்தச் சூட்டில் அது வெளியே வரவில்லை. இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார். திரும்பும்போது கேட்டில் அண்ணியின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒருவர் கையிலும் செல்போன் இல்லை. எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. சண்டைதான். உலையை அணைத்தே ஆகவேண்டும் என்று கோதைநாயகி மேஜையைத் தட்டினார்.

“அந்தப் புகைதான் தம்பி உங்கண்ணனைக் கொண்டுபோச்சு. இன்னொருத்தி வீட்டுக்கு அது வேண்டாம். ஆனா ஆளுகளை அனுப்பறதுக்கு நான் கை தூக்க மாட்டேன்.”

அத்தனை பேரையும் பாகங்களைப் பொருத்திப் பம்ப் பூட்டும் ஷெட்டுக்கு மாற்றினால் லாபத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று பத்மநாபன் குரல் உயர்த்தினார். இந்தத் தடவை அது அவருடைய சொந்தக் குரல். போண்டா ஆறிப் போயிற்று. கடைசியில் உலையை நிறுத்துவது, ஒருவரையும் அனுப்பாமல் ஷெட்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. பத்மநாபன் மட்டும் கை தூக்கவில்லை. தன் எதிர்ப்பை எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டவும் சொன்னார். மெஹருன்னிசா அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதித் திருவேங்கடம் பார்த்ததில்லை.

எல்லோரும் போனபின் திருவேங்கடத்துக்குப் பசித்தது. நாளைக் காலை சின்னராசுவிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆறின போண்டாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“டீச்சர், இதுல பாதி மெஷின் சொன்னது. மீதி நாங்களாக் கூட்டுனது. நாளைக்கு இது தப்பாப் போச்சுன்னா?”

மெஹருன்னிசா ஃபைலைக் கட்டி வைத்தாள்.

“போச்சுன்னா, வந்து நிக்க அவங்களுக்கு ஒரு வாசல் இருக்கும் சார்.”