நாலாம் தொட்டியின் பலகை

இது நான் பார்த்ததல்ல. தூத்துக்குடிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது.

பொன்ராஜ் இருபது வருடம் இறால் வளர்த்தவர். நோய் வந்து இறால் அழிந்தபின், அதே சிமெண்டுத் தொட்டியில் டீசலுக்கான பாசி வளர்க்க இறங்கினார்.

கற்றுக்கொடுத்தவள் செல்வராணி. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவளை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

தொட்டி அவருடைய அண்ணனுடையது. ஆடி முடிவதற்குள் எண்ணெய் வராவிட்டால் மறுபடியும் இறால்தான் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

இன்னும் பதினைந்து நாள்.

“டீச்சர், பாருங்க. கையை விட்டா விரல் தெரியல, அவ்வளவு பச்சை. காயவச்சுப் பிழிஞ்சா ஒரு சொட்டு எண்ணெய் இல்ல.”

“என்ன போடுதீங்க?”

“யூரியா. நேத்து ரெண்டு பங்காப் போட்டேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“தீனி குறைஞ்சா இறாலு ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுரும்லா?”

செல்வராணி தொட்டியையும் அதன் மேலிருந்த பலகையையும் பார்த்தாள்.

“காலை எடுங்க.”

முழங்கால் தண்ணீரில் நின்று துழாவிக்கொண்டிருந்தவர் பதறிக் கரையேறினார்.

“கழுவிட்டுத்தான் இறங்குனேன் டீச்சர்.”

“உங்க காலை யாரு கேட்டா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இரவெல்லாம் யோசித்தார். மறுநாள் அவள் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னார்.

“புரிஞ்சிட்டு டீச்சர். காலைத் தீனியை எடுத்துட்டேன்.”

“நல்லது.”

“அதையும் சேர்த்துச் சாயந்திரம் போட்டிருவேன்.”

செல்வராணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்தாள். பலகையில் அவரே சாக்பீஸால் எழுதியிருந்தார்: ‘தொட்டி 4 – பாசி’. அதில் ஒரே ஒரு எழுத்தை அழித்தாள். துணைக்கால்.

பொன்ராஜ் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“பசி.”

யூரியா மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தனை நாளைக்கு டீச்சர்?”

“எண்ணெய் சேருத வரைக்கும். பசிச்சாத்தான் பாசி எண்ணெய் சேர்க்கும். அது தாங்கும். நீங்க தாங்குவீங்களா?”

பாசியைத் துணியில் வடித்துவைத்து, யூரியா கரைந்த தண்ணீரை மாற்றினார். யூரியா மூட்டையின் வாயைக் கட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் பச்சை வெளுத்தது. எட்டாம் நாள் மஞ்சள்.

“சாகுதுலே,” என்றார் அண்ணன். “ஒரு கை அள்ளிப் போடு.”

“பசிக்குதுண்ணே.”

“அதான் போடச் சொல்லுதேன்!”

பொன்ராஜ் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், காய்ந்த பாசியை ஒரு செய்தித்தாளில் வைத்து அழுத்தினார். தாளை வெயிலில் பிடித்தார். வடை மடித்த தாள்போல, பின்பக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது.

அண்ணன் தாளை வாங்கி, திருப்பி, முகர்ந்து பார்த்தார். இறாலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

போன மாதம் நானே அங்கே போய்ப் பார்த்தேன். இப்போது பாசிக்கு இரண்டு தொட்டிகள். பச்சைத் தொட்டியின் பலகையில் ‘பாசி’. அங்கே நன்றாக வளர்ந்த பாசியை மாற்றிவிடும் மஞ்சள் தொட்டியின் பலகையில் ‘பசி’.

எழுத்துப்பிழை இல்லை. கேட்டுவிட்டேன்.