நேற்றைய மாவு

“முடிவில்லாமல் விரிந்துகொண்டே போகிற உலகத்துக்குத் தொடக்கம் ஒன்று வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார் சிற்றம்பலம்.

இந்தக் கேள்விக்காகவே கல்லூரி வேலையை உதறிவிட்டு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். விண்வெளி ஓயாமல் உப்பிக்கொண்டே இருக்கிறது, அதில் நம் உலகம் ஒரு குமிழி, இன்னும் கணக்கற்ற குமிழிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன என்று படித்திருந்தார். காலத்தில் பின்னோக்கிப் போனால் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும் என்றார்கள் சிலர். நிற்க வேண்டியதில்லை என்றார்கள் வேறு சிலர். நடுவில் இவருக்குத் தூக்கம் போயிற்று.

குரு உலகம்மை அவரைவிட வயதில் இளையவர். பதிலுக்கு மாவாட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார்.

அந்த மடத்தில் இட்லி மாவுப் பானையை ஒருபோதும் காலி செய்வதில்லை. அடியில் ஒரு கரண்டி பழைய மாவு நிற்கும். அதன்மேல்தான் புதியது விழும். அது உலகம்மையின் குரு விட்டுப்போன மாவு. அவருக்கு அவருடைய குரு விட்டது. அதற்கும் முன்னால் யார் என்று எவருக்கும் தெரியாது.

காலையில் மாவு பொங்கி, குமிழி குமிழியாகக் கண் திறந்து நிற்கும். சிற்றம்பலம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பிற்பகல், பானையைக் கவிழ்த்தார்.

சாம்பல் போட்டுத் தேய்த்தார். கொதிநீர் ஊற்றினார். வெயிலில் காய வைத்தார். பிறகு புதிதாக அரைத்து, உப்புப் போட்டு, கலக்கி மூடினார்.

செய்த பிறகுதான் பயம் வந்தது. அடுக்களையில் உடனிருந்த சொர்ணம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நாளைய இட்லி மதில் கட்டத்தான் உதவும் என்றாள். வழக்கத்தை அறுத்தவருக்கு இங்கே இடமிருக்காது என்றும் சொன்னாள்.

அவர் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தார்.

காலையில் பானையின் மூடி சரிந்து கிடந்தது. மாவு எப்போதும்போலப் பொங்கி வழிந்திருந்தது.

சிற்றம்பலம் குருவை அழைத்துவந்து காட்டினார். செய்ததை ஒளிக்காமல் சொன்னார். தன்னை அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, விடை கிடைத்துவிட்டது என்றார்.

“தொடக்கம் இருக்கும்மா. நேத்து சாயங்காலம் அது தொடங்கினதை என் கண்ணால பார்த்தேன். பழசு ஒரு பொட்டு கிடையாது.”

உலகம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தார். இட்லித் தட்டில் துணியை விரித்தார்.

“எதால கலக்கினீங்க?”

“கையால.”

“தினமும் கலக்குற கைதானே?”

சிற்றம்பலம் விடவில்லை.

“அதையும் நல்லாக் கழுவிட்டேம்மா.”

“எந்தக் கையால?”

அவர் தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

உலகம்மை அந்தக் கைகளில் கரண்டியை வைத்தார்.

“ஊத்துங்க. அடியில கொஞ்சம் விட்டு வைங்க.”