சவரியம்மா தட்டாத மணி

ஒரு ஊர்ல ஒரு தையக்காரரு இருந்தாரு. அருளப்பன்னு பேரு. அவரும் அவரைத் தூக்கி வளர்த்த அக்கா சவரியம்மாவும் மட்டுந்தான் அந்த வீட்ல. ம் கொட்டுடா செல்லம்.

"ம்."

அந்த அக்கா பக்கவாதம் வந்து படுத்துட்டாங்க. இடது கை மட்டுந்தான் அசையும். குரலும் கம்மிப்போச்சு. முன் ரூம்ல இவரு டகடகடகனு மிஷின் மிதிச்சா, உள்ள அக்கா கூப்பிடறது காதுல விழாது. அதனால பாதி சட்டையில எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பாரு. "என்னக்கா வேணும்?" "ஒண்ணுமில்லடா." திரும்பி வந்து மிதிப்பாரு.

அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் குழாயை நெடுக்கப் பிளந்து, கட்டில்லேர்ந்து சுவத்து ஓட்டை வழியா முன் ரூம் வரைக்கும் சரிவா அடிச்சாரு. அக்கா ஒரு கோலிக்குண்டை உருட்டி விடணும். அது கடகடனு ஓடிப் போய், பலகையில வரிசையா நிக்கிற நூல்கண்டுங்களை இடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணா சாஞ்சு, கடைசிக் கண்டு கீழ தொங்குற டம்ளர்ல விழும். டம்ளர் கனத்து இறங்கினா, அதுல கட்டின கயிறு முன் ரூம்ல மாட்டின மணியை இழுக்கும்.

முதல் தடவை கோலி பாதியிலயே நின்னுபோச்சு. சரிவைக் கூட்டினாரு. அப்புறம் கண்டு விழுந்துச்சு, டம்ளர் அசையல. கண்டுக்குள்ள ஈயக்குண்டு வச்சாரு. மூணாவது தடவை கடகட, டொக் டொக் டொக், லொட்டு, டிங். அக்கா சிரிச்சாங்க பாரு, கோணின வாயோட.

"ம்."

மறுநாள் டிங். ஓடினாரு. தண்ணி கேட்டாங்க. அப்புறம் டிங். தலைகாணி நகந்திருச்சாம். அப்புறம் மறுபடியும் டிங். "என்னக்கா?" "ஒண்ணுமில்லடா. சும்மா."

பண்டிகை நேரம், தைக்க வேண்டிய துணி மலையா கெடக்கு. ஒவ்வொரு தடவையும் கண்டெல்லாம் நிறுத்தி வைக்கணும் வேற. "சும்மா சும்மா தட்டாதக்கா. ஏதாச்சும் வேணும்னா மட்டும் தட்டு"ன்னாரு. அக்கா தலையாட்டினாங்க.

அதுக்கப்புறம் மணி அடிக்கவே இல்ல. மணிதான் இருக்கேனு இவரும் எட்டிப் பாக்கறதை விட்டுட்டாரு. சோத்து வேளைக்குப் போவாரு, ஊட்டிட்டு வந்துடுவாரு. நிறைய தச்சாரு.

ஒரு நாள் மதியம் கஞ்சியோட போனா, அக்கா உடம்பு அனலா கொதிக்குது. உதடு வெடிச்சுக் கெடக்கு. காலையிலேர்ந்து தவிச்சிருக்காங்க. ஸ்பூன்ல தண்ணி விட்டுக்கிட்டே கேட்டாரு. "ஏன்க்கா தட்டல?"

"மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சுடா. உன் வேலை கெடும்ல."

டாக்டரைக் கூட்டிட்டு வந்தாரு. காய்ச்சல் விட்டுச்சு. அன்னிக்கே மிஷினைத் தரதரனு இழுத்து அக்கா கட்டில் ஓரத்துல போட்டாரு. உள்ள வெளிச்சம் போதல, தையல் கோணுதுன்னு துணி குடுத்தவங்க சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டாரு. அவரு தைக்க, அக்கா பாத்துக்கிட்டே கெடப்பாங்க.

"அப்புறம்?"

அடுத்த மழைக்காலம் வரைக்குந்தான் இருந்தாங்க. அப்புறம் ரொம்ப நாள் அருளப்பனுக்கு இதே நெனப்புதான். குழாயை வெட்டி, சுவத்தை ஓட்டை போட்டு, இத்தனையும் செஞ்சோமே, மிஷினைத் தூக்கி அக்கா பக்கத்துல போடணும்னு முதல்லயே ஏன் தோணலைன்னு.

அவ்வளவுதான் கதை. நான் இங்கதான் உக்காந்திருக்கேன். நீ தூங்கு.