நடுவில் போனவள்

"சீசன் நடுவுல ஒருத்தி வேற டீமுக்குப் போகணும்னா விடலாமா டீச்சர்?" என்று செண்பகம் கேட்டாள்.

பெனடிக்டா டீச்சர் மெத்தைகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு போறா?"

"பிரதிக்ஷா."

டீச்சர் அடுத்த மெத்தையை இழுத்தார்.

திருச்சி பொன்மலையில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து டீச்சர் சியர்லீடிங் சொல்லிக்கொடுத்து வந்தார். கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆடுவார்களே, அது என்றுதான் ஊரில் பலரும் நினைத்தார்கள். டீச்சர் சொல்லிக்கொடுத்தது வேறு. பெண்கள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி ஏறிக் கோபுரமாக நிற்பார்கள். உச்சியில் நிற்பவள் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து விழுவாள். கீழே இருப்பவர்கள் பிடிப்பார்கள்.

செண்பகம் ஒரு காலத்தில் அந்த உச்சியில் நின்றவள். இப்போது டீச்சருக்குத் துணையாகப் பயிற்சி கொடுக்கிறாள். உச்சியில் நிற்பது பிரதிக்ஷா. பிளஸ் ஒன் படிக்கிற பெண். மாநிலப் போட்டிக்கு ஒரு மாதமே இருக்கும்போது, தில்லை நகரில் புதிதாகத் திறந்த ஜிம்முக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். அங்கே ஸ்பிரிங் வைத்த, துள்ளுகிற தரை இருந்தது. நன்றாக ஆடினால் தேசிய முகாமுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை.

"இவ போனா மத்த பொண்ணுங்க என்ன செய்வாங்க? இவளைத் தூக்கித் தூக்கி அவங்க தோளெல்லாம் கன்னிப்போயிருக்கு."

"அதுவும் நியாயம்தான்," என்றார் டீச்சர்.

"அப்போ விடக் கூடாதுல்ல?"

"அவ ஆசையும் நியாயம்தான்."

டீச்சர் கடைசி மெத்தையையும் சேர்த்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

சில நாட்கள் பிரதிக்ஷா வரவில்லை. பிறகு ஒரு மாலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"போகலைக்கா," என்றாள்.

செண்பகம் அவள் முகத்தைப் பார்க்காமல், "சரி, ஷூவைப் போட்டுட்டு வா," என்றாள்.

அன்றைக்குப் பிரதிக்ஷாவால் விழ முடியவில்லை. ஏறினாள், நின்றாள், கையை விரித்தாள். விழ வேண்டிய நேரத்தில் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே.

"கீழ இத்தனை பேர் நிக்கறாங்களே, தெரியலையா உனக்கு?" என்று செண்பகம் கத்தினாள்.

"நாங்க விட்டுருவோம்னு நினைக்கிறாக்கா," என்றாள் ரெபேக்கா. கோபுரத்தின் நடுவில் நின்று பாரம் முழுக்கத் தாங்குகிறவள் அவள்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பிரதிக்ஷாவை இறக்கச் சொன்னார்.

"பயமா?"

"ஆமா டீச்சர்."

"முன்ன இல்லையே."

பிரதிக்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த ஜிம்ல என்னை வேண்டாம்னுட்டாங்க. இங்கேருந்து யாரோ போன் பண்ணி, கடைசி நேரத்துல காலை வாரிவிடற பொண்ணு, நம்பாதீங்கன்னு சொன்னாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லலை. இவங்கள்ல யாருன்னு தெரியலை டீச்சர். கண்ணை மூடினா அதுதான் வருது."

"என்னைத்தான் நினைக்கிறா," என்றாள் ரெபேக்கா. "போறேன்னு சொன்ன அன்னிக்கு நான்தானே இவகூட சண்டை போட்டேன். சத்தியமா நான் இல்லை டீச்சர்." பேசும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செண்பகத்துக்குக் காது மடல் சுட்டது.

போன் செய்தது அவள்தான். டீச்சரிடம் கேட்டும் தெளிவாக ஒரு பதில் வராத அன்று, கிடங்குக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பேசி முடித்ததும், இந்தப் பெண்களுக்காகத்தானே செய்தேன் என்று சொல்லிக்கொண்டாள். பழி ரெபேக்காமேல் வந்து விழும் என்று நினைக்கவே இல்லை.

இப்போதும் அவள் தலையை நிமிர்த்தாமல் மெத்தையில் பிய்ந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செண்பகம்," என்றார் டீச்சர். "நீ ஏறு. எப்படி விழறதுன்னு காட்டு."

"நானா டீச்சர்?"

"நீதான். பிரதிக்ஷா, நீ ரெபேக்கா பக்கத்துல நில்லு. அக்காவைப் பிடி."

டீச்சருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்பது செண்பகத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. ஏறினாள். உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. பெண்களின் தோள்களில் கால் வைத்து உச்சிக்குப் போய் நிமிர்ந்து நின்றாள்.

"விழு," என்றார் டீச்சர்.

செண்பகம் திரும்பிப் பார்த்தாள்.

கீழே பிரதிக்ஷா இரண்டு கைகளையும் நீட்டி அண்ணாந்து நின்றாள். கூட ஆடுகிற அத்தனை பேர்மேலும் சந்தேகப்பட்ட பெண் செண்பகத்தை மட்டும் சந்தேகப்பட்டிருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"விழுங்கக்கா," என்றாள். "நான் பிடிச்சுக்கறேன்."

செண்பகம் கண்ணை மூடினாள். உடனே திறந்தாள்.

"நான்தான்," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

"நான்தான் போன் பண்ணேன். ரெபேக்கா இல்லை. நான்."

பிரதிக்ஷாவின் முகம் மெல்ல மாறுவதை மேலிருந்தே செண்பகம் பார்த்தாள். நீட்டிய கைகள் அப்படியே இருந்தன.

"சொல்லிட்டல்ல. விழு," என்றார் டீச்சர்.

கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். பிடித்தார்கள். ரெபேக்காவின் கை முதுகுக்கு அடியில் இருந்தது, பிரதிக்ஷாவின் கை பிடரிக்கு அடியில். மெதுவாக இறக்கி நிறுத்தினார்கள். நிறுத்தியதும் பிரதிக்ஷா கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

மறுநாள் செண்பகம் தில்லை நகருக்கு நேரில் போனாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த கூடத்திலேயே அந்தக் கோச் அவளை நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்டார். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பிரதிக்ஷாவைப் பற்றித் தான் போனில் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அந்த வாரமே பிரதிக்ஷாவைச் சேர்த்துக்கொண்டார்கள். போகும் முன் பொன்மலைக்கு வந்து ரெபேக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். டீச்சரின் காலைத் தொட்டாள். செண்பகத்திடம், "வரேன்க்கா," என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் பொன்மலைப் பெண்கள் உச்சி இல்லாத சின்னக் கோபுரம்தான் கட்டினார்கள். வேறொருத்தியைப் பழக்க நாள் போதவில்லை. கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. திரும்பும் வழியில், விக்கிரவாண்டியில் டீ குடிக்க வேன் நின்றது. ரெபேக்கா இறங்கவே இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தன் தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

டீக்கடைப் பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் செண்பகம் உட்கார்ந்தாள்.

"அவளை விட்டோம். இவங்க தோத்துட்டாங்க டீச்சர்."

"ஆமா. தோத்துட்டாங்க."

"ரெபேக்காவுக்கு நான் என்ன சொல்றது?"

"எனக்கும் தெரியலை."

செண்பகம் டீயை ஒரு வாய் குடித்தாள். "நம்ம ஜிம்முக்குன்னு ஒரு விதி வேணும்தானே டீச்சர்? இனிமே யாரும் இப்படிப் பாதியில போகக் கூடாதுன்னு."

டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒரு விதி இருக்கே. மேல ஒருத்தி நிக்கறப்போ கீழ இருக்கறவ நகரக் கூடாது."

"ஆனா பிரதிக்ஷா மேல நின்னவளாச்சே டீச்சர். கீழ நின்னவ இல்லையே."

"நான் அவளைச் சொல்லலை," என்றார் டீச்சர், செண்பகத்தைப் பார்த்து.