கத்தாளையின் காதுக்கல்

கடலுக்கு உப்பைத் தவிர வேறு ருசி தெரியாத அந்தக் காலத்தில், மீன்கள் பேசிக்கொண்டன. ஆனால் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். மீனுக்குக் காது மந்தம். தூரத்துக்கு மூக்குதான் துணை. வீட்டு வாசனை எது, எதிரி வாசனை எது என்று நேற்றுப் பிறந்த குஞ்சுக்கும் தெரியும்.

கரையில் மனிதர்கள் சூளை போட்டார்கள். ஊருக்கு ஊர் சூளை. வானத்தில் புகைக்கு இடம் போதவில்லை. காற்று கடலிடம் வந்து, "நீ கொஞ்சம் வைத்துக்கொள்ளேன்" என்றது. கடல் இல்லை என்று சொல்லிப் பழகியதில்லை. வாங்கி விழுங்கியது. விழுங்க விழுங்க அதன் வயிறு புளித்தது.

பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புளிப்பில் முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சுகளுக்குத்தான் மூக்கு புரண்டு போனது.

கத்தாளை மீன் ஒருத்தி அதைத் தன் பிள்ளைகளிடம் கண்டாள். பாறைப் பொந்தில் களவா மீன் வாயைத் திறந்தபடி கிடந்தான். துரத்தவில்லை. அசையக்கூட இல்லை. பிள்ளைகள் தாமாகவே அந்த வாய்க்குள் போனார்கள், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல. அவள் கதறியது ஒருவருக்கும் எட்டவில்லை. வெயில் சாய்ந்தபோது கடைக்குட்டி பொடிச்சி மட்டும் மிஞ்சியிருந்தாள்.

அவளை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு தாய் கேட்டாள்: "அந்தப் பக்கம் என்னடி வாசனை?"

"நம்ம வீட்டு வாசனைம்மா."

"எம்மேல?"

பொடிச்சி முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். "நீ என்னைத் தின்ன வந்தவ மாதிரி இருக்கே."

தாய் மகளைக் கவ்விக்கொண்டு அடுத்த பாறையில் இருந்த சிப்பியிடம் ஓடினாள். சிப்பியின் ஓடும் புளிப்பில் கரைந்து மெலிந்திருந்தது.

"சிப்பியக்கா, இவ மூக்கு பொய் சொல்லுது. காதையாவது திறந்துவிடணும்."

"காதுக்குள்ள கல்லு இருந்தாத்தான் தூரத்துச் சத்தம் தட்டும். எங்கிட்ட இருக்கிறதே இந்த ஓட்டை ஓடு. சரி, விளிம்புல ரெண்டு சில்லு பேத்துக்கோ. ஆனா இவளுக்கு எட்டற மாதிரி நீ வயித்துல போடற சத்தம் இவளோட நிக்காது. மேல கட்டுமரத்துல இருக்கிறவனுக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்."

"வலை இறங்கும்டி!"

"கேக்கட்டும்னேன்ல."

சில்லு இரண்டையும் மகளின் காதுகளில் அழுத்தினாள். பிடி தளர்ந்தது. "என்னை விடு, பயமா இருக்கு!" என்று உதறிக்கொண்டு பொடிச்சி நேராகக் களவாவிடம் பறந்தாள்.

தாய் தன் வயிற்றுக்குள் இருந்த காற்றுப்பையை இறுக்கி இறுக்கி அடித்தாள். கொர்... கொர்... கொர்...

களவாவின் உதட்டருகே பொடிச்சி நின்றாள். எதிரே வீட்டு வாசனை. காதில் கல் அதிர்ந்தது. அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தபோது உடம்பில் பட்ட அதே அதிர்வு. திரும்பினாள். களவாவின் வாய் வெறும் நீரைக் கவ்வி மூடியது.

மேலே ஒருவன் துடுப்பை நீரில் இறக்கி, அதன் முனையில் காதை வைத்தான். "மாமா, இங்கதான் கத்துது. போடுங்க வலையை."

வலையின் நிழல் இறங்குவதைத் தாய் பார்த்தாள். பொடிச்சி பாதி வழிதான் வந்திருந்தாள். சத்தம் நின்றால் அவள் மூக்கு மறுபடி இழுத்துக்கொண்டு போய்விடும். தாய் நிறுத்தவில்லை. மகளும் வலையும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வலைக்கண் வழியே குஞ்சு நழுவியது. தாயால் நழுவ முடியவில்லை. நீர் முடிகிற இடம்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே போனது.

அன்று தொட்டுத்தான் கத்தாளை மீனின் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கின்றன. மேலே ஆள் காது வைத்திருப்பது தெரிந்தும் அது கத்துவதை நிறுத்துவதில்லை.