பிடிவிடும் கொக்கி செய்த விடங்கர்

குதிரையின் வாயில் வைக்கும் இரும்பை முதலில் தம் வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கும் கொல்லர் ஒருவர் சேவகனூரில் வாழ்ந்தார். விடங்கர் என்பது அவர் திருப்பெயர். கோட்டை லாயத்துக் குதிரைகளுக்குக் கடிவாளமும், சேணத்து வளையங்களும், வீரர்கள் கால் ஊன்றிக்கொள்ளும் அங்கவடிகளும் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். விடியற்காலையில் ஆற்றில் முழுகி, நெற்றி நிறைய நீறு பூசி, உலையில் முதல் இரும்பு சிவக்கும்போது "சேவகா" என்று ஒரு தரம் கூப்பிடுவார். அதற்குப் பிறகுதான் சம்மட்டி எழும்.

சேவகா என்றால் அவ்வூர்ச் சிவபெருமான். தம் அடியவன் ஒருவனுக்காக ஒரு காலத்தில் குதிரை வீரனாக வேடம் பூண்டு வந்தவர் என்பதால் சேவகநாதர் என்று பெயர். குதிரை ஏறிய பெருமானுக்கு ஊழியம் செய்கிறவன் குதிரையை நோகச் செய்யலாமா என்பது விடங்கர் கணக்கு. வயிற்று வாரின் பூட்டைத் தம் விலாவில் கட்டி இறுக்கிப் பார்ப்பார். உறுத்தினால் உடனே அரத்தை எடுத்து ராவுவார். வாயில் கடிவாளத்தோடு அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்ட ஊரார், "ஆசாரிக்கு இன்னைக்குக் கொள்ளு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஊர் வாய்க்குக் கடிவாளம் அடிக்க எந்தக் கொல்லராலும் ஆகாது. விடங்கர் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு பெருமை மட்டும் உண்டு. வளையத்தின் இரு முனைகளையும் பழுக்கக் காய்ச்சி ஒன்றாக அடித்துச் சேர்த்தாரென்றால், சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. யானை இழுத்தாலும் விடாது என்று வீரர்கள் சொல்வார்கள். அடியவர்தான், ஆனாலும் மனிதர் அல்லவா? அதைக் கேட்கும்போது அவர் முகம் கொஞ்சம் மலரும்.

அவருக்கும் மனைவி தையல்நாயகிக்கும் ஒரே மகன், சேந்தன். பதினெட்டு வயதில் குதிரைப் படையில் சேர்ந்தான். அவனுடைய சேணத்தில் அங்கவடி வார் கோக்கும் வளையத்தை, பிள்ளைக்காயிற்றே என்று இரட்டைக் கனத்தில் அடித்துக் கொடுத்தார் தந்தையார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆற்றுத்துறையில் குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நாணலுக்குள்ளிருந்து நாரைக் கூட்டம் ஒன்று திடீரென்று எழுந்தது. மிரண்ட குதிரை பின்னங்காலில் நின்றது. சேந்தன் சரிந்து விழுந்தான். இடது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. துறையிலிருந்து கோட்டை வாசல் வரை, கல்லிலும் முள்ளிலும் குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. மற்றவர் சேணத்தில் கிடந்த வளையமாக இருந்திருந்தால் பாதி வழியில் அறுந்திருக்கும். தந்தையார் அடித்தது அறவில்லை.

விடங்கர் வந்து சேர்ந்தபோது மகன் உடலை ஒரு துப்பட்டியால் மூடியிருந்தார்கள். லாயத் தலைவர் கோனேரியார் நின்றிருந்தார். கெட்ட மனிதர் அல்லர், யோசிக்காமல் பேசுகிறவர். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சேணத்தைத் தொட்டுப் பார்த்து, "இருந்தாலும் ஆசாரி, உம்ம வேலை வேலைதான்வே. இவ்வளவு தூரம் இழுத்தும் வளையம் இம்மி அசையல" என்றார்.

அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது. பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்? விடங்கர் அந்த வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரியங்கள் முடிந்த மறுநாள் அவர் கோயிலுக்குப் போனார். பெருமானைத் திட்டப் போகிறார் என்று நினைத்து நாலைந்து பேர் பின்னாலேயே போனார்கள். அவரோ எப்போதும்போல் விழுந்து வணங்கி எழுந்து, "சேவகா, உன்மேல தப்பில்ல. என் கையில இருக்கு. எங்கேன்னு காட்டிக் குடு" என்று மட்டும் சொன்னார். தையல்நாயகி அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். கணவரோடு பேச்சும் குறைந்தது. சோறு வைப்பார், எடுப்பார், அவ்வளவுதான். அவர் மனத்தில் இருந்ததைக் கேட்க விடங்கருக்குத் துணிவில்லை.

விழுந்தவன் காலை விட்டுவிடும் அங்கவடி ஒன்று வேண்டும். இனி ஒரு தாயின் பிள்ளை அப்படிச் சாகக் கூடாது. விடங்கர் வேறொன்றையும் நினைக்கவில்லை. மூடிய வளையத்துக்குப் பதிலாக வாய் திறந்த கொக்கி ஒன்றை அடித்தார். கொக்கியின் வாய் குதிரையின் வால் பக்கம் பார்த்திருக்கும். வீரன் அதில் காலூன்றி எழுந்து நின்றால் பாரம் கீழே இழுக்கும், வார் கொக்கிக்குள்ளேயே நிற்கும். விழுந்து இழுபட்டால் வார் பின்பக்கம் போகும், கொக்கியின் வாய் வழியாக நழுவி வெளியே வந்துவிடும்.

வழக்கப்படி அதைத் தம் உடம்பில்தான் சோதிக்க வேண்டும் என்றார். வண்ணார் வீட்டுக் கழுதையை இரவல் வாங்கி வந்து அதன்மேல் சேணம் கட்டினார். தம் கணுக்காலை அங்கவடியில் நுழைத்துக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்தார். கழுதையை நடத்த ஆள் வேண்டும்.

"தையலு, இந்தக் கயித்தைப் பிடிச்சு ஓட்டு" என்றார்.

அம்மையார் கயிற்றைப் பிடித்தார். நாலடி, ஐந்தடி. வார் கழலவில்லை, கொக்கியின் வாய் குறுகலாக இருந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். மண்ணில் தலை மோதி மோதி ஒரு மனிதர் இழுபட்டு வருவதைக் கண்டார். மகன் செத்த அன்றுகூட அழாத அம்மையார் கயிற்றை வீசிவிட்டு ஓடிவந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"இப்படித்தானே போனான் என் புள்ள! இப்படித்தானே!"

"ஆமா, இப்படித்தான். நான் அடிச்ச வளையம்தான். என்னைய வைஞ்சிரு தையலு, மனசுக்குள்ள வச்சுக்கிடாத" என்றார் விடங்கர்.

இருவரும் அந்த மண்ணிலேயே கிடந்து அழுதார்கள். கழுதை வேலியோரம் போய் மேய்ந்துகொண்டிருந்தது. அழுது முடித்தபின் அம்மையார் எழுந்து கழுதையைப் பிடித்து வந்து, "கொக்கி வாயை இன்னும் அகட்டுங்க" என்றார். அன்றிலிருந்து உலைக்களத்தில் துருத்தி ஊதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆனால் கோயில் பக்கம் மட்டும் போகவில்லை. "அவன் இழுபட்டப்ப அவரு எங்க இருந்தாரு?" என்று ஒரு நாள் கேட்டார். விடங்கருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை.

அகட்டிய கொக்கியை லாயத்தில் கொண்டுபோய்க் காட்டினார். கோனேரியார் ஒரு குதிரையில் பூட்டிப் பார்த்தார். குதிரை பாய்ந்து ஓடியதும், வீரன் காலைக் கொஞ்சம் பின்னால் தள்ள, அங்கவடி கழன்று விழுந்தது. அவனும் சாணக் குவியலில் போய் விழுந்தான். லாயமே விழுந்து விழுந்து சிரித்தது. "பிடிக்கத்தானே கொக்கி? விடுறதுக்கு ஒரு கொக்கியா? புள்ள போன துக்கத்துல ஆசாரிக்குப் புத்தியும் கழண்டுட்டுது" என்றார் கோனேரியார். கழண்ட ஆசாரி என்ற பட்டப்பெயர் அன்றே ஊர் முழுக்கப் பரவியது.

விடங்கர் கோயிலுக்குப் போய், "அவங்க சிரிச்சது நியாயம், சேவகா. குறை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மேலும் ஐந்து மாதம் பாடுபட்டார். கொக்கியின் வாயில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்தார். காலால் தள்ளினால் அந்த நாக்கு அசையாது. ஓர் ஆள் பாரம் முழுதும் பின்னால் இழுத்தால் மட்டும் மடங்கி வழி விடும். அது சரியாக வருவதற்குள் அவர் முதுகில் தோல் மிஞ்சவில்லை. ஆனாலும் கோனேரியார் அதைத் தொட்டுப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

ஐப்பசி வந்தது. சேவகநாதருக்குப் பரிவேட்டைத் திருவிழா. பெருமான் மரக்குதிரை ஏறி ஊருக்கு வெளியே வேட்டைக்கு எழுந்தருள்வார். அந்தக் குதிரைக்கு ஆண்டுதோறும் புதுச் சேணமும் கடிவாளமும் சாத்துவது வழக்கம். அதற்கு இரும்பு வேலை செய்வது விடங்கரின் ஊழியம். மறுநாள் அதே சேணத்தைப் படைக் குதிரை ஒன்றுக்குப் பூட்டி, வீரன் ஒருவன் ஏறி ஆற்றிலிருந்து ஊர் சுற்றி வருவான். படைக்கு அது ஓர் ஆண்டுக் காப்பு. சாமிக்குச் செய்வதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. விடங்கர் தம் புதுக் கொக்கிகள் இரண்டையும் பெருமானின் சேணத்தில் பூட்டினார்.

வேட்டைத் திடலில், ஊரே கூடி நிற்க, பட்டப்பகலில், பெருமானின் இடது அங்கவடி கழன்று தரையில் விழுந்தது. தூக்கினவர்கள் தடுமாறவில்லை. காற்றுகூட இல்லை. கூட்டம் ஐயோ என்று வாயிலடித்துக்கொண்டது. விடங்கர் ஓடிப்போய்க் கொக்கியைப் பார்த்தார். எஃகு நாக்கு, ஓர் ஆளின் முழுப் பாரமும் இழுத்தாற்போல் மடங்கியிருந்தது. "யாரோ இழுத்திருக்காங்க சாமி, சும்மா இது கழலாது" என்றார். யார் கேட்கிறார்கள்?

"சாமி காலையே வாரிவிட்ட பாவி!" என்று கோனேரியார் கத்தினார். ஊழியத்தை அங்கேயே பறித்தார்கள். கோயில் படி மிதிக்கக் கூடாது என்று கட்டளை ஆயிற்று. நாற்பது வருடம் விடியற்காலை தோறும் போன படி அது. மகனை இழந்தபோது அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றே. விடங்கர் கொக்கியைச் சரிசெய்து பூட்டிவிட்டு, கைகூப்பி, "உன் மனசு" என்று சொல்லி வீடு திரும்பினார்.

மறுநாள் அந்தச் சேணத்தில் ஏற ஆளில்லை. அபசகுனச் சேணத்தில் யார் ஏறுவார்? பெருமானுக்குச் சாத்திய சேணத்தை மாற்றவோ வழக்கத்தை விடவோ முடியாது. கடைசியாகச் சேர்ந்த வீரன், வில்லவன் என்ற இளைஞன் தலையில் அது விழுந்தது. கைம்பெண் ஒருத்தியின் ஒரே மகன் அவன். துறையில் எக்காளம் முழங்கியது. குதிரை மிரண்டது. போன ஐப்பசியில் நடந்ததே மறுபடி நடந்தது. பையன் விழுந்தான், இடது கால் மாட்டிக்கொண்டது, குதிரை கோட்டையை நோக்கி ஓடத் தொடங்கியது.

தையல்நாயகி அப்போது துறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். "சேந்தா!" என்று அலறினார். குடம் எங்கே போயிற்றென்று தெரியாது. குதிரைக்குப் பின்னாலேயே ஓடினார். பத்தடி போயிருக்கும், கொக்கி நாக்கு மடங்கிற்று, வார் நழுவிற்று. பையன் மண்ணில் கிடந்தான். முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்தது. எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தான். அம்மையார் அவனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு அவன் காலிலிருந்து அங்கவடியைக் கழற்றி, வாரோடு மார்பில் அணைத்துக்கொண்டு, ஓராண்டாகப் போகாத கோயிலுக்கு நடந்தார். ஊர் பின்னால் நடந்தது. வழியில் விடங்கரும் சேர்ந்துகொண்டு, கட்டளையை மீறாமல் வாசலுக்கு வெளியே நின்றார்.

உச்சிக்கால பூசை நேரம். குருக்கள் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். கருவறையிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி ஒரு குரல் எழுந்தது:

"நேற்று அங்கவடியை இழுத்தது நாமே. நம் கொல்லன் எதையும் தன் உடம்பில் சோதிக்காமல் பிறர்க்குத் தருவதில்லை. அந்தப் பிள்ளை ஏறுமுன் நாமும் நம் காலை வைத்துச் சோதித்தோம். கொக்கி விட்டது. விடங்கனை உள்ளே அழையுங்கள்."

கோனேரியார் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஓடிவந்து விடங்கர் காலில் விழுந்தார். விடங்கர் அவரைத் தூக்கி நிறுத்தி, உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் நின்றார். கூட்டம் அரகரவென்று முழங்கியது. தையல்நாயகி மட்டும் முழங்கவில்லை. அங்கவடியைச் சந்நிதிப் படியில் வைத்துவிட்டு, சண்டைக்கு வந்தவர்போல் அல்லாமல் வீட்டு மனிதரிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்:

"ஒரு வருசம் முன்னாடி சோதிச்சிருக்கக் கூடாதா, சாமி?"

முழக்கம் அடங்கிப்போயிற்று. உள்ளேயிருந்து மறுமொழி வரவில்லை. எனக்கும் அந்த மறுமொழி தெரியாது. தெரிந்ததாகச் சொன்னால் பொய்யாகும். குருக்கள் நீறு எடுத்து வந்தார். அம்மையார் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை நீட்டி வாங்கி, முதலில் கணவர் நெற்றியில் பூசினார்.

அதன்பின் அந்த நாட்டுக் குதிரைகள் அத்தனைக்கும் அந்தக் கொக்கியே பூட்டப்பட்டது. அம்மையார் துருத்தி ஊத, அடியார் கடைசி நாள் வரை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொக்கி முடிந்ததும் இருவருக்கும் கண் கலங்கும் என்றும், அதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டதில்லை என்றும் சொல்வார்கள். தம் பிள்ளைக்கு உதவாமற்போனதை ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த விடங்கரின் தழும்பேறிய திருக்கரங்களை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோமாக.