மூன்றாவது மாடி மேஜை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவும் சமவாய்ப்பு மையம் எங்கே இருந்தது தெரியுமா? மூன்றாவது மாடியில். லிப்ட்? அது கட்டட வரைபடத்தில் மட்டும் இருந்தது.

சக்கர நாற்காலியில் வந்த ஆராய்ச்சி மாணவி செல்வமேரிக்குத் தரைத்தள விடுதி அறை வேண்டும். விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். படிக்கட்டடியில் இருந்தபடி மைய அலுவலர் திருவேங்கடத்துக்குப் போன் போட்டாள்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்மா. என் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும். படிவத்தை ஒழுங்காப் படிச்சியா?" என்றார் அவர்.

"படிச்சேன் சார். 'அலுவலர் முன்னிலையில் கீழே கையொப்பமிடவும்'னு போட்டிருக்கு. நான் கீழேதான் இருக்கேன். அலுவலரைத்தான் காணோம்."

மனுஷன் போனிலேயே சிரித்துவிட்டார். பேனாவோடு மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

விஷயம் விடுதி முழுக்கப் பரவியது. மறுநாளிலிருந்து எந்தப் படிவமானாலும், மையத்துக்கு வருபவர்களில் நன்றாக நடக்கிறவர்கள்கூடக் கீழேயே நின்று போன் போட்டார்கள். ஒன்பதாவது தடவை இறங்கிய திருவேங்கடம் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"படிவத்தை மாத்தி அடிச்சிடலாமா சார்?" என்றார் பியூன்.

"படிவம் சரியாத்தான்யா இருக்கு. என் மேஜையைக் கீழே இறக்கு."